இருமிய பிணம்

ஐந்தாவது தடவையாகப் பிணம் இருமியது.

"கட்" என்றார் டைரக்டர். குரலில் சுரத்தே இல்லை.

வெள்ளைத் துணி போர்த்திக் கட்டிலில் கிடந்த பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, தொண்டையில் என்னவோ கரகரக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கோ-டைரக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியவர் லேசுப்பட்ட ஆளில்லை. பதினாறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ராஜா, மந்திரி, திருடன் என்று கட்டாத வேஷமில்லை. அப்புறம் சினிமா. இருநூற்றுச் சொச்சம் படம். அதிலும் சாவதில் மனிதர் கில்லாடி. மேடையில் செத்துக் கிடந்தபோது மேலேயிருந்து பல்லி விழுந்து மூக்கில் உட்கார்ந்ததாம். திரை விழும்வரை இமை அசையவில்லையாம். பேட்டிக்குப் பேட்டி சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இன்று சும்மா படுத்திருக்க முடியவில்லை.

அந்த அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. பிணத்தின் மனைவியாக நடிப்பவர். ஒரு காலத்தில் மேடையில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, இருபது வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி நடிக்க வந்திருக்கிறார். ஒரு பக்க வசனம். அழுது, மூக்கைச் சிந்தி, கட்டிலைப் பிடித்து உலுக்கி, முடிக்கப் போகிற நேரம் பார்த்து, 'லொக் லொக்'.

டைரக்டர் பொறுமைக்குப் பேர் போனவரல்ல. வசனத்தில் தடுமாறினார்கள் என்று அந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேரை மாற்றியிருந்தார்.

"வசனமே இல்லாத ஆளை என்னன்னு சொல்லி மாத்தறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெந்நீர் கொடுத்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். ஆறாவது டேக்கிலும் இருமல். ஏழாவதில் ஒரு மாறுதலுக்குத் தும்மினார்.

இடைவேளை விட்டார்கள். சண்டைக் காட்சிக்கு வைத்திருந்த பொம்மை ஒன்று சாமான் அறையில் இருப்பது கோ-டைரக்டருக்கு ஞாபகம் வந்தது. அதைப் படுக்க வைத்துத் துணியைப் போர்த்திவிட்டால் போச்சு. பெரியவர் முகத்தை அப்புறம் தனியாக எடுத்துக்கொள்ளலாம். டைரக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரியவரிடம் போய்ச் சொல்லும் வேலை மட்டும் கோ-டைரக்டர் தலையில் விழுந்தது.

மேக்கப் அறையில் பெரியவர் தனியாக உட்கார்ந்து, கணீரென்று ஏதோ பாடிக்கொண்டிருந்தார். தொண்டையில் ஒரு கரகரப்பும் இல்லை.

கோ-டைரக்டர் எரிச்சலை விழுங்கிக்கொண்டு பக்குவமாகத்தான் ஆரம்பித்தார். வயசு, உடம்பு, ஓய்வு என்று சுற்றி வளைத்துக் கடைசியில் பொம்மைக்கு வந்தார். ஐம்பது வருஷ நடிகருக்குப் பதில் ஒரு பஞ்சுப் பொம்மை. கத்தப் போகிறார் என்று காத்திருந்தார்.

பெரியவர் கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டே ரெண்டு டேக் பொறுத்துக்குங்க. அந்தம்மாவுக்குக் கடைசி நாலு வரிதான் பிடிபடாம இருந்துச்சு. மூணு வந்துடுச்சு, பாக்கி ஒண்ணுதான்" என்றார் ரகசியமாக. "இப்பப் போய்ப் பொம்மையைப் படுக்க வச்சா, அவங்க வசனம் மறந்து முழிக்கிறப்ப யாருப்பா இருமறது?"