தாழ்ப்பாள்

“நேத்து நைட்டும் தாழ்ப்பாள் போடல நீங்க. எதிர்வூட்டு வாசல்ல செருப்பைக்கூட விட்டு வைக்கல திருடன், தெரியுமா அத்தை?” ஜாஸ்மின் கத்தினாள்.

மாமியார் செல்வமேரி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கதவைச் சாத்திதானே வச்சேன். தாழ்ப்பாள் மட்டும் வேணாம்மா.”

இரும்புலியூரில், மெயின் ரோட்டை ஒட்டிய தரைத்தள வீட்டுக்கு அற்புதமான காவல்தான்!

காரணம் ஜாஸ்மினுக்கு மனப்பாடம். மாமனார் சவுரிமுத்து கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பாறை சரிந்த அன்று வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிறகு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். செல்வமேரி மட்டும் இன்னும் அவருக்காகக் காத்திருக்கிறாள்.

“அங்கயும் இப்படித்தானே இருந்தீங்க? அன்னைக்கே எவனோ பூந்து மாமாவோட கல்யாணக் கோட்டு, பெட்டி எல்லாத்தையும் தூக்கினு போனான். அப்பவாவது புத்தி வந்துச்சா?”

“துணிதானே, போனா போவுது. மனுசன் வரச்சொல்ல வூடு தாழ் போட்டுக் கெடந்தா இன்னா நெனப்பாரு?”

செல்வமேரிக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது.

“பித்தளை டோக்கனைச் சுரங்கத்து கேட்ல குடுத்தாத்தான் விளக்கு தருவான், உள்ள எறங்கலாம். மேல வந்து விளக்கைக் குடுத்தாத்தான் டோக்கன் திரும்ப கைக்கு வரும். பாறை சரிஞ்ச அன்னைக்கு இவரு டோக்கனே ஆபீஸ்ல இல்லையாம், எறங்கவே இல்லையாம்! ஒளிச்சு வச்சுகினு பொய் சொல்லிட்டானுங்க, பாவிங்க.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கவயலுக்குப் போயிருந்த மகன் சாலமன் ஒரு சாக்குப்பையோடு இறங்கினான். பழைய வீட்டிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாதா சுரூபம் வைத்திருந்த பலகை.

“ஓடு, ஜன்னல் எல்லாம் பேத்துகினு போயிட்டாங்கம்மா. ஒரே ஒரு செவுருதான் நிக்குது. அதுல இது மட்டும் அப்படியே இருந்துச்சு” என்றான்.

செல்வமேரி பலகையை மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். பலகையைத் திருப்பியபோது அடிப்பக்கத்து இடுக்கில் ஒரு கந்தல் முடிச்சு தெரிந்தது.

“இன்னா அத்தை, தங்கமா?” என்று ஜாஸ்மின் சிரித்தாள்.

செல்வமேரி முடிச்சைப் பிரித்தாள். களிம்பேறிய ஒரு பித்தளை வில்லை உள்ளங்கையில் விழுந்தது. தேய்க்கத் தேய்க்க எண் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குத் தெரிந்த ஒரே எண் அது.

“அப்பாவோட டோக்கன்!” சாலமனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “மாதா எப்படிக் காப்பாத்தி வச்சிருக்காங்க பாரும்மா!”

ஜாஸ்மினின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் மாமியாரையே பார்த்தாள்.

“ஆபீஸ்காரன் பொய் சொல்லல” என்றாள் செல்வமேரி. “அவரு கல்யாணக் கோட்டு, பெட்டியையும் திருடன் எடுக்கல.”

டோக்கனைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். பழக்கமில்லாத கை, தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தது. துருவேறியிருந்த அது நகரவில்லை.

“ஜாஸ்மின், நீ வந்து போடும்மா.”