கென்வுல்ஃப் வாங்கிய கோப்பை

மேசையின் தலைப்பக்கம் கோட்டைத் தலைவர் டன்பர்ட் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கொல்லன் எட்னாத். இடப்பக்கம், மன்னரிடம் உதவி கேட்டுக் கடிதம் எழுத, பாதிரியாகிய நான். கதவோரப் பலகை காலியாக இருந்தது. ஆற்றில், கடல் கடந்து கொள்ளையடிக்க வந்த டேனியர்களின் கப்பல்கள் நின்றன. உதவி வராவிட்டால் கோட்டையைக் கொளுத்திவிடுவார்கள்.

"எந்த மன்னருக்குன்னு எழுதட்டும்?" என்று கேட்டேன். தெற்கே அரச குடும்பத்தில் சித்தப்பனும் அண்ணன் மகனும் அரியணைக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பேரே போடாதீங்க சாமி. எவன் உசிரோட இருக்கானோ அவன் படிக்கட்டும்," என்றார் தலைவர்.

அவர் மனைவி ஹில்டித் தேன்மதுக் கோப்பையை ஏந்தி வந்தாள். அதை வாங்கிக் குடிப்பவன் தூது போக வேண்டும். குடித்தவனை யாரும் தடுக்கக் கூடாது. எங்கள் வழக்கம் அது.

எட்னாத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேத்து தூது போன கென்வுல்ஃப் கதி தெரியும்லம்மா? எனக்குப் புள்ளைங்க இருக்கு."

கென்வுல்ஃபின் உடலை ஆறுதான் கொண்டுவந்து சேர்த்தது. இன்று காலை நான்தான் ஜெபம் சொல்லிப் புதைத்தேன்.

"இங்க கொண்டாங்கம்மா," என்றது ஒரு குரல். கதவோரப் பலகையில் கென்வுல்ஃப் உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் ஈரமண். அவன் குடித்த மது கழுத்து வெட்டின் வழியே வழிந்தது.

"ஏன்டா, நீ..." என்று எழுந்தான் எட்னாத்.

"குடிச்சிட்டான். விடு," என்றார் தலைவர்.

ஹில்டித் மட்டும் கேட்டாள்: "குளிருதாப்பா?"

"இல்லம்மா. பாதி வழி பழகிடுச்சு."

மெழுகை உருக்கி முத்திரை வைத்தேன். யாரை அனுப்பினாலும் "போயிட்டு வாப்பா" என்கிற தலைவர், கடிதத்தை அவன் கையில் கொடுத்து, "போப்பா" என்று மட்டும் சொன்னார்.