நோயாளிக்கும் மச்சமில்லை

"மாமாங்கப் பிள்ளையாருக்குக் கொடியேறியாச்சு. இனித் தீர்த்தம் முடியுமட்டும் இந்த வீட்டில மீன், முட்டை, ஒரு மச்சமும் புழங்கப்படாது."

சொல்லிக்கொண்டே ஃபிறிட்ஜில் இருந்த முட்டைகளை எல்லாம் எடுத்துப் பையில் போட்டாள் சீதேவிப்பிள்ளை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட.

மருமகள் தக்ஷாயினிக்குப் பகீரென்றது.

"மாமி, எனக்கு மட்டும் ஒரு முட்டை... டொக்டர் சொன்னவர்..."

"நோயாளிக்கும் இல்லை புள்ள. பிள்ளையார் பாத்துக்கொண்டு இருக்கார். பத்து நாள்தானே?"

பத்து நாள் எப்படிப் போகும் என்று தக்ஷாயினிக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு கொழும்பில் அவளுடைய இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்திருந்தார்கள். நூற்றுப் பதினெட்டுக் கிலோ உடம்பும் சீனி வருத்தமும் சேர்ந்து மூச்சை அமுக்கியதால் எடுத்த முடிவு. இப்போது ஒரு வேளைக்கு நாலு கரண்டி உள்ளே போனாலே அதிகம். அந்த நாலு கரண்டிக்குள்தான் புரதமும் இருக்க வேண்டும். நாளுக்கு அறுபது கிராம்.

புரத மாவைக் கரைத்துக் குடித்தால் வாந்தி. தயிரும் ஒத்துக்கொள்ளவில்லை. பருப்பில் வயிறு அடைத்துவிடும், கிராம் ஏறாது. முட்டையும் மீனும்தான் இதுவரை வயிற்றில் தங்கின.

மூன்றாம் நாள் தலை சீவும்போது கொத்தாக முடி கையோடு வந்தது. பயந்துபோய்க் கிளினிக்கின் போசணை மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள்.

"எத்தனை கிராம் போகுது?"

"இருபது இருக்கும் மிஸ்."



"தக்ஷாயினி, சாப்பாட்டில புரதம் கிடைக்காட்டி உடம்பு தன்ட தசையைத்தான் கரைச்சு எடுக்கும். இதயமும் தசைதான். விளங்குதா?"

அன்றிலிருந்து படியேறும்போதெல்லாம் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கத்தாரில் இருக்கும் கணவன் நிலோஜனிடம் சொன்னாள்.

"பத்து நாள் பொறுத்துக்கொள்ளு. அம்மாவோட மல்லுக்கு நிக்காத" என்றான் அவன்.

நாலாம் நாள் ஸஹீதா அவளை, அவள் வேலை பார்க்கும் கந்தோர் வாசலில் மறித்தாள். கூடப் படித்தவள். கந்தோருக்குப் பின்னால் வீட்டில் வைத்துத் தையல் தைப்பவள்.

"இண்டையில இருந்து பகல் சாப்பாடு என்ட வீட்டிலகா. கொடுவா மீன் அவிச்சுத் தாறன். ஆருக்கும் சொல்லமாட்டன்."

தக்ஷாயினி போனாள். நாலு கரண்டி மீன், முள்ளே இல்லாமல், பஞ்சு மாதிரி. வயிற்றில் தங்கியது.

ஆனால் பயம் இரண்டாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் மீன் வாடை போகத் தேசிக்காய் தேய்த்துக் கை கழுவுவாள். மூன்று தரம் வாய் கொப்பளிப்பாள். வீட்டுக்குப் போக அமிர்தகழியில் பஸ்ஸால் இறங்கும்போதே விரலை மணந்து பார்ப்பாள். பொழுதுபட மாமி கற்பூரத் தட்டை நீட்டினால், வாயை இறுக மூடிக்கொண்டுதான் ஒற்றி எடுப்பாள். மாமிக்கு மணந்துவிடுமோ? பிள்ளையார் பொறுப்பாரோ?

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குக் கந்தோரில் எழுத்தெல்லாம் இருண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பியவள், லீவு சொல்லிவிட்டு ஸஹீதா வீட்டுக்கு நடந்தாள்.

ஸஹீதா திடுக்கிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். "என்னகா, இந்த நேரத்தில?"

"தலை சுத்துது."

குசினிக்குள் இருத்தி, அவித்த முட்டை ஒன்றை உரித்துக் கொடுத்தாள் ஸஹீதா. ஆனால் அவளுடைய கண் வாசல் படலைப் பக்கமே போய்ப் போய் வந்தது.

"ஆரும் வரப்போறாங்களா?"

"இல்ல... நீ தின்னு."

பாதி முட்டைகூட இறங்கியிருக்காது. வெளியே ஆட்டோ வந்து நின்றது.

"ஸஹீதா! ஸஹீதா புள்ள!"

மாமியின் குரல்.

மிச்ச முட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு தக்ஷாயினி குசினிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மாமி ரோட்டில் நின்று சத்தம் போடப்போகிறாள். நிலோஜனுக்குப் போன் எடுப்பாள். கரடியனாற்றுக்கு, அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவாள். நெஞ்சு அடித்த அடியில் இன்னொரு பயமும் வந்தது: இவ்வளவு அடிப்பைத் தாங்க அங்கே தசை மிச்சம் இருக்கிறதா?

"உள்ளுக்கு வரமாட்டன் புள்ள. குளிச்சுப்போட்டுக் கோயிலுக்குப் போகோணும்."

பை சரசரத்தது.

"இந்தா, இண்டைக்கும் கொடுவாதான். மீன்காரன் கோணாமலை விடியவே வாவியில புடிச்சது. நடு முள்ள எடுப்பிச்சுப்போட்டன். மறுகா நீயும் ஒருக்கா விரலால தடவிப் பாரு. அவள்ட வயித்துக்குச் சின்ன முள்ளும் ஆகாது."

தக்ஷாயினி கதவு இடுக்கால் பார்த்தாள். மாமி முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு, மீன் பையைக் கை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"ஏன்ம்மா இந்தக் களவு? வீட்டிலயே குடுக்கலாமே?" என்றாள் ஸஹீதா.

"அவள்ட வயித்தை வெட்டுறதுக்குக் கொண்டுபோகேக்க வச்ச நேத்திக்கடன் புள்ள. உயிரோட வந்தா, திருவிழா முடியுமட்டும் வீட்டில மச்சம் காட்டமாட்டன் எண்டு. முறிச்சா அவளுக்கு என்னவும் ஆகிருமோ எண்டு பயம். அவள் திங்காட்டி அதைவிடப் பயம்."

மாமியின் குரல் இறங்கியது. ஸஹீதா ஒரு தரம் குசினிப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா... தக்ஷா..."

"ஓம், அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாத. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா, பயத்தில திங்காம விட்டிருவாள்."