தாரகையின் லேப்டாப்புக்கு மெமரி

"புது மெமரியெல்லாம் இப்ப யாருக்கும் விக்கிறதில்லம்மா. உங்க அப்பாகிட்ட ரெண்டு இருக்கே. அவருக்கு ஒண்ணு போதும்" என்றார் கடைக்காரர்.

தாரகையின் லேப்டாப் தேர்வு நடுவில் இரண்டு முறை ஹேங் ஆகி நின்றுவிட்டது. இன்னொரு முறை நின்றால் ஃபெயில் போட்டுவிடுவார்கள். அவள் அப்பாவைப் பார்க்காமல் நின்றாள். அப்பா மாசிலாமணியே முந்திக்கொண்டு, தலையைக் குனிந்து, காதுக்குப் பின்னால் இருந்த மெமரி மூடியைக் காட்டினார்.

"எடுங்க தம்பி. ரிட்டையர் ஆனவனுக்கு எதுக்கு ரெண்டு?"

ஒன்றைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி முடித்ததும் கடைக்காரர் நினைவைச் சோதிக்கும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மாசிலாமணி தன் பெயரைச் சொன்னார், விலாசம் சொன்னார், மகள் பெயரையும் சொன்னார். இன்று எதற்காக வந்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

லேப்டாப் உடனே விழித்தது. ஆனால் தேர்வுப் பக்கம் இன்னும் திக்கித் திணறித்தான் திறந்தது.

"இன்னொண்ணும் போட்டா பறக்கும்" என்றார் கடைக்காரர், யாரையும் பார்க்காமல். தாரகை லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிய மாசிலாமணி, கடையின் போர்டை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர உள்ளே திரும்பி வந்தார்.

"தம்பி, என் பொண்ணு லேப்டாப்புக்கு மெமரி வேணும். பரீட்சை நேரம், பாவம் கஷ்டப்படுது. என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ண எடுத்துக்குங்க."

கடைக்காரர் தாரகையைப் பார்த்தார்.

அவள் பையைத் திறந்து, லேப்டாப்பை மறுபடியும் மேசைமேல் வைத்தாள்.