யாரும் அறிவிக்காத வேலைநிறுத்தம்

மாதா கோயிலில் துக்க மணி கேட்டதும், கடலுக்கு இறங்கிய வள்ளமெல்லாம் அப்படியே கரைக்குத் திரும்பிவிட்டன.

ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடிகிறவரை ஒருவரும் வலையைத் தொடமாட்டார்கள். ஆனால் செத்தது யாரென்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஜெஸ்மி வாசலுக்கு வந்து கோயில் பக்கம் பார்த்தாள்.

இன்று மத்தியானம் தூத்துக்குடி கலெக்டர் ஆபீசில் கருத்துக் கேட்புக் கூட்டம். கடல் ஏறி ஏறி வந்து தெருவைத் தின்கிறதே, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஊரே போய்க் கேட்க வேண்டிய நாள். ஊருக்காக அவள் நடத்துகிற டிரஸ்ட் வருசக்கணக்காக நாயாய் அலைந்து வாங்கிய கூட்டம்.

வக்கீல் ஆவுடையப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டிரஸ்ட் பேசலாம், மனு கொடுக்கலாம், மந்திரியையே பார்த்துக் கேட்கலாம்; சட்டம் தடுக்காது. ஆனால் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. தொழிலை நிறுத்துங்கள் என்று வாயைத் திறக்கவும் கூடாது. திறந்தால் டிரஸ்டையே இழுத்துப் பூட்டிவிடுவார்கள்.

அவளும் வீடு வீடாகப் போய், வாருங்கள் என்று மட்டும் கூப்பிட்டாள். நல்ல மீன்பாடு உள்ள சமயம். எவன் வருவான்?

"ஏளா, கடலுக்குப் போவாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, ஊரே வரும்" என்று பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்கா நேற்றுக்கூடச் சொன்னாள். ஜெஸ்மி சொல்லவில்லை.

இப்போது எவனோ பொய்யாக மணியடித்து ஊரை நிறுத்திவிட்டான். டிரஸ்டில் வேலை பார்க்கிற பெவினின் குசும்பாகத்தான் இருக்கும். அடப் பாவி, பழி நம் தலையில்தானே விழும்!

கோயிலுக்கு ஓடினாள். மணிக்கயிற்றைப் பிடித்தபடி கோயில்பிள்ளை பெர்சி நின்றார். அவள் அப்பா சாவு உட்பட எத்தனையோ சாவுக்கு மணியடித்த மனுசன். இன்றைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாரு அண்ணாச்சி செத்தது? பொய்யா அடிச்சீங்கன்னா டிரஸ்டு போயிரும்!"

"பொய் இல்ல தாயி. விடியக்காலம் கடல் ஏறி கல்லறைத் தோட்டத்தப் பேத்துட்டு. எலும்பெல்லாம் கரையில கெடக்கு. மறுபடி அடக்கம் பண்ணணும்லா? பங்குச் சாமியார்தான் மணி அடிக்கச் சொன்னாரு."

அதற்குள் சேதி பரவி வெளியே ஒரே கூச்சல். இதைக் கலெக்டரிடம் கேட்காமல் விடுவதில்லை என்று ஆம்பளை பொம்பளை எல்லாரும் வேன் பிடிக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்மி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் தானாகவே கிளம்பிவிட்டது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சிரிப்பே வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வேன் பக்கம் திரும்பினாள்.

பெர்சி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இருந்து அடக்கத்த முடிச்சிட்டுப் போ தாயி. பேரு போட்ட சிலுவையோட கெடக்கது ஒங்க அப்பாதான்."