கடைசி மேட்டில் மழை

“எல்லாரும் போனை அணைச்சு இதுல போடுங்க.” மருந்துக்கடைக்காரர் தலைக்கவசத்தை மல்லாத்திப் பிடித்தார். முதலில் தம் போனைத்தான் போட்டார். “முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து உக்கார்றவன் ரசிகனே இல்ல.”

சைக்கிள் கடை மாடியில் வருடா வருடம் நடப்பதுதான். டிவியில் வரும் ஒருநாள் சைக்கிள் பந்தயம், எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். சைக்கிள் கடைக்காரர் பதிவு செய்து வைப்பார், சாயங்காலம் சேர்ந்து பார்ப்பார்கள். ஜெயிப்பது யார் என்று ஆளுக்கு ஒருவரை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து சரியாகச் சொன்னவர்தான் இந்த ரசிகர் சங்கத்துக்குத் தலைவர்.

மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு வருடம் பலித்துவிட்டது. இன்றும் பலித்தால் தலைவர். பதவிக்கு வந்ததும் முதல் வேலை, இந்தக் கும்பலைக் கழித்துக் கட்டுவது. கை நிறைய கரியோடு வரும் வெல்டிங்காரர், வாய் ஓயாத தையல்கார அக்கா... இதுகளுக்கெல்லாம் சைக்கிள் பந்தயம் ஒரு கேடா!

“சிவப்புச் சட்டை டீமுக்கு இந்த வருஷம் புதுசா ஒரு பையன் வந்திருக்கான்ல, அவன்தான்” என்றார். “கடைசி மேட்டுல மழை கொட்டும். அதுல தனியா பிச்சுக்கிட்டுப் போவான். பாத்துக்கிட்டே இருங்க.”

பிசகவே பிசகாது. மத்தியானமே இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று போனில் முடிவைப் பார்த்தாயிற்று. போன இரண்டு வருடமும் அதே அலமாரிதான். முடிவு தெரிந்த பந்தயத்தைக் கண் விழித்துப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா? பாதியிலேயே குறட்டை விட ஆரம்பித்து, கடைசியில் கைதட்டல் கேட்டு எழுந்து பாராட்டை வாங்கிக்கொள்வார்.

இன்று தூங்க விட்டால்தானே!

“ஐயோ பாவம், மஞ்சள் சட்டைக்காரனுக்குப் பஞ்சர் ஆகப்போகுது” என்றார் தையல்கார அக்கா. சொன்ன மாதிரியே ஆனது. வெல்டிங்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குருட்டாம்போக்கில் சொன்னது பலித்ததற்கு இவ்வளவு இளிப்பா என்று மருந்துக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

திரையில் கடைசி மேடு வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது, சக்கரங்களுக்குப் பின்னால் புழுதி பறந்தது.

“மழையைக் காணோமே சார்?” என்றார் வெல்டிங்காரர்.

“வரும்யா. நெருப்போட மல்லுக்கட்டுறவனுக்கு மழையைப் பத்தி என்ன தெரியும்?”

“நீங்க சொன்ன பையனையும் காணோமே?”

மருந்துக்கடைக்காரர் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிய கூட்டத்தில் எவனுக்கு எவனைத் தெரியப் போகிறது? எழுந்து போய் ஒரு சிவப்புச் சட்டையின் மேல் விரலை வைத்தார்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இதோ போறான் பாரு, இவன்தான்! அவன் மிதிக்கிற மிதியைப் பார்த்தே சொல்லிடுவேன். பந்தயம் பாக்குறதுக்கும் ஒரு அறிவு வேணும்யா.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் சாவகாசமாக ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

“அந்தப் பையன் இந்த வருஷம்தானே சார் டீமுக்கு வந்தான்?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல சார். இது போன வருஷ ரேஸ்.”