கோட்டைச் சிறையில் அப்பா

"பார்த்துப்பா, படி வழுக்கும்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் மகள். 'அந்தக் கோட்டைச் சிறையில கொஞ்ச காலம் இருந்தேன்' என்பதற்கு மேல் அவர் வாய் திறந்ததே இல்லை. அவள்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள்.

பாறையைக் குடைந்த அறைக்குள் நின்று வழிகாட்டி சொன்னார்: "ராஜா காலத்துல இது தானியக் கிடங்கு. பின்னால வந்த ஆட்சி சிறையாக்கிடுச்சு. எதிர்த்துப் பேசினவங்களை இங்கதான் அடைச்சாங்க. பாதிப் பேர் திரும்பலை."

"எங்கப்பாவும் இங்க இருந்தவர்தான்" என்றாள் மகள்.

வழிகாட்டி கைகூப்பினார். கூட வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

வழிகாட்டி இரும்புக் கதவைச் சாத்தினார். வெளித் தாழ்ப்பாள் விழவில்லை.

"தினமும் இதோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு."

அப்பா முன்னால் வந்தார். தோளால் கதவை அழுத்தி, தாழ்ப்பாளை ஒரு தட்டு தட்டினார். விழுந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் கை தானாக இடுப்பில் சாவிக்கொத்தைத் தேடியது.

"அப்பா, நீங்க கதவுக்கு உள்ள இருந்தீங்களா, வெளிய இருந்தீங்களா?"

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

இறங்கும்போதும் படி வழுக்கியது. மகள் கையைப் பிடிக்கவில்லை.